மசினி தைத்த கயிறு

கருமலைச் சீமையில் மலைப்பெண் மசினி தைத்த கயிறு அறுந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. தேன் எடுக்கிறவர்கள் அவள் கயிற்றில்தான் பாறையிறங்குவார்கள். அதைக் கேள்விப்பட்ட மன்னர், வீரர்கள் மதிலேற ஒரு கயிறு கேட்டார். அவளும் இரண்டு கயிறுகளின் புரிகளைப் பிரித்துக் கோத்து, இணைப்பைத் தைத்து, நுனி பிரியாமல் நூல் சுற்றிக் கொண்டுவந்தாள்.

ராணியின் அண்ணன், படைத் தளவாய் கோபண்ணன், அதைச் சபையில் தூக்கிக் காட்டினார்.

"ஒட்டுப்போட்ட கயிறு! குதிரை கட்டக்கூட ஆகாது. என் கிடங்கில் ஒட்டே இல்லாத கயிறு இருக்கிறது. உன் தையல் தாங்கும் என்று இங்கேயே நிரூபி. யாரும் ஏறக்கூடாது, கல்லும் தொங்கவிடக்கூடாது. முடியாவிட்டால் மலையை விட்டே ஓடு!"

"அந்தக் கிடங்குக் கயித்தையும் கொண்டாரச் சொல்லுங்க சாமி" என்றாள் மசினி. வந்தது. நுனி துடைப்பம் மாதிரி விரிந்திருந்தது.

"மகாராசா, எங்க மலையில பாறையிறங்குறவனுக்குக் கயிறு எடுத்துக் கொடுக்கிறது பொண்டாட்டியோட அண்ணன்தான். தங்கச்சி தாலி மேல அவனுக்குத்தானே அக்கறை! இப்ப நீங்க இறங்குறதா வச்சுக்குங்க. தளவாய் சாமி உங்களுக்கு ஒரு கயிறு எடுத்துக் கொடுக்கட்டும்."

மன்னருக்குப் பக்கத்தில் இருந்த ராணி அண்ணனையே பார்த்தாள். கோபண்ணன் கிடங்குக் கயிற்றைத் தொட்டார். இழை கையோடு வந்தது. மசினியின் கயிற்றை எடுத்து மன்னரிடம் நீட்டினார்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மசினி கிடங்குக் கயிற்றைச் சுருட்டித் தளவாய் கையில் கொடுத்தாள்.

"குதிரை கட்ட வச்சுக்குங்க சாமி. நல்ல குதிரையா இருந்தா மட்டும் சொல்லியனுப்புங்க, நான் தைச்சுத் தர்றேன்."