ஆம்பல் குளத்தில் யானைக் காவல்

இருபுறமும் செங்குத்துப் பாறை. நடுவே பள்ளத்தை அடைத்துக்கொண்டு ஆம்பல் குளம். இக்கரையில் யானைகள், அக்கரையில் செந்நாய்கள். குளத்துக்குள் நீர்க்கோழிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

தலைமைச் சண்டைதான். பௌர்ணமிதோறும் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அவற்றின் வழக்கம். தேய்பிறை முடிவதற்குள் கவிழ்த்துவிடுவதும் வழக்கம்.

யானைகளுக்கு மூத்தவள் கரியம்மை. (யானைக் கூட்டத்தை நடத்துவது பெண்தான். தந்தத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் திருத்திக்கொள்ளவும்.) அவளுக்குப் பேத்தி பிறந்து ஒன்பது நாள். மூடுபனியில் குளம் ஆகாயத்தில் மிதந்தது. ஆம்பல் மணத்தில் கண் சொருகியது. அதற்குள் "கெக்! கெக்!" என்று அடுத்த கலவரம்!

'இதுகள் இப்படி அடித்துக்கொண்டால் செந்நாய் உள்ளே புகுந்துவிடுமே! என் பேத்தி என்ன ஆவாள்?' என்று பதறினாள் கரியம்மை.

குளக்கரையில் ஏறி நின்று அறிவித்தாள்: "இன்று முதல் இங்கே எங்கள் காவல். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்!"

"யாரைக் கேட்டு, அம்மணி?" என்றது அன்றைய தலைவர் செம்மூக்கன்.

"யாரைக் கேட்பது? நேற்றைய தலைவரையா, நாளைய தலைவரையா?"

யானைகள் வயிறு குலுங்கச் சிரித்தன.

காவல் தொடங்கியது. முன்னது பதித்த சுவட்டிலேயே பின்னதும் கால் வைத்தது. யானைகள் நடப்பது அப்படித்தான். கரையில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே இடத்தில். அந்த இடத்தில் மண்கரை தொட்டில்போலக் குழிந்தது. குளத்து நீர் தாலாட்டு முணுமுணுப்பதுபோல அதன் வழியே கசிந்து போனது. அந்த ஓசை கரியம்மைக்கு இதமாக இருந்தது. கேட்டபடியே கண்ணயர்ந்தாள். நீர்க்கோழிகள் வரிசையாக நின்று வணக்கம் சொல்வதாகக் கனவு கண்டாள்.

நாளாக ஆகக் கசிவு இளைத்தது. ஒரு நாள் காலை, ஓசை அறவே நின்றுவிட்டது. விழித்துப் பார்த்தால் குளம் இல்லை! வெடித்த மண்ணில் ஆம்பல்கள் தலை சாய்த்துக் கிடந்தன. நீர்க்கோழிகள் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"சண்டை தீர்ந்ததா?" என்றாள், இன்னும் கனவு கலையாமல்.

"தீர்ந்தது, அம்மணி! தலைமை தாங்கக் குளம்தான் இல்லையே!" என்றது செம்மூக்கன். "இத்தனை காலம் செந்நாயைத் தடுத்தது எங்கள் ஒற்றுமை என்றா நினைத்தீர்கள்? சேறு! எங்களைவிடக் கனமான எதையும் விழுங்கிவிடும் சேறு! அதைக் காயவைத்தது யார்?"

நீர்க்கோழிகள் பறந்து போயின. அக்கரையிலிருந்து செந்நாய்கள் காய்ந்த மண்ணில் ஒவ்வொன்றாக இறங்கி நடந்து வந்தன. யானைகள் குட்டியை நடுவில் விட்டு வளையமாக நின்றன. செந்நாய்களுக்கு அவசரமே இல்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கால்களை நக்கிக்கொண்டன. அதன்பின் கரியம்மை கண்மூடவே இல்லை.

அண்டை நாட்டுக் குழப்பத்தை அடக்க அதை மிதிக்கும் வல்லவர், தம் பாதுகாப்பையே மிதித்து அழிக்கிறார்.