துண்டு போட்ட இடம்

தீர்ப்புச் சொல்ல ஆசை உள்ளவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். மணியையும் தூரத்தையும் உள்ளபடியே சொல்லிக்கொண்டு போகிறேன், எதையும் ஒளிக்கவில்லை. கதை நின்றதும் உங்களைத்தான் கேட்பேன்.

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் இசக்கிராஜுக்கு ஒரே தங்கை, முத்துச்செல்வி. ஐந்து வருடத்துக்கு முன் அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது இவர் போகவில்லை. தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டாளாம். அந்த வீம்பில் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன் பெரியப்பா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டான். அதை நினைக்கும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் தங்கையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது சின்னவளுக்குக் காதுகுத்து. இந்த முறை முத்துச்செல்வி புருஷனோடு தட்டு ஏந்தித் திருச்சிக்கே வந்தாள். "இதுதாண்ணே கடைசிப் பிள்ளை. உன் மடியிலதான் உக்காரணும். பன்னெண்டு மணிக்குள்ள நல்ல நேரம், வந்துரு" என்றாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் போன பிறகு பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்று காலை தன்னுடைய மின்சாரக் காரில் தனியாகக் கிளம்பினார். கயத்தாறு பக்கம் இருக்கும் கோவிலுக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர். விற்றவர்கள் முந்நூறு ஓடும் என்றுதான் சொன்னார்கள். நாலுவழிச் சாலையில் ஏசியைப் போட்டு விரட்டினால் இருநூற்றுப் பத்திலேயே வண்டி படுத்துவிடும். ஆகவே விருதுநகர் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சார்ஜ் போட ஒதுங்கினார். அப்போது மணி ஒன்பது ஐம்பது. பேட்டரியில் பதினாலு சதவீதம் இருந்தது, போக வேண்டிய தூரம் எழுபது கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம் சார்ஜ் ஏறினால் தாராளம்.

ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு மெஷின். அதில் ஏற்கனவே ஒரு சிவப்புக் கார் மாட்டியிருந்தது. திரையில் எண்பத்திரண்டு சதவீதம். அதன் சொந்தக்காரர் குருபாதம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சிவகாசிக்காரர். வீடு இருபத்தைந்து கிலோமீட்டரில். நூறு ஆகாமல் வயரைக் கழற்றினால் அவருக்கு மனசு ஆறாது. வயிறு நிறைந்த பிள்ளை கடைசி வாய்ச் சோற்றை மெல்லுவதுபோல, எண்பதைத் தாண்டினால் பேட்டரி நிதானமாகத்தான் ஏற்றிக்கொள்ளும். குருபாதம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி எங்க போறீங்க?" என்று விசாரித்தார்.

"சும்மா, ஊர்ப்பக்கம்" என்றார் இசக்கிராஜ்.

பத்தரைக்கு நூறு ஆயிற்று. குருபாதம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இசக்கிராஜ் நெருங்கிப் பார்த்தால் மெஷின்மேல் பச்சைக் கட்டம் போட்ட துண்டு ஒன்று கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே மாதிரி. பத்தேகாலுக்கு வந்து, இவர் தன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அதைப் போட்டவர் லாரன்ஸ். குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர், உள்ளே பூரி தின்றுகொண்டிருந்தார். துண்டு போட்ட இடத்தில் இசக்கிராஜ் ஒருநாளும் உட்கார்ந்தவர் இல்லை. உணவகத்துக் கண்ணாடிக் கதவுவரை போனார், யாரென்று தெரியாமல் கேட்பதா என்று திரும்பிவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து லாரன்ஸ் வந்து, இவரைப் பார்த்துச் சிரித்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தன் வண்டியை மாட்டினார். இவரும் சிரித்து வைத்தார்.

பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கேன்மா" என்றார், மெஷினில் சாய்ந்து நின்றபடியே.

பதினொன்றேகாலுக்கு லாரன்ஸ் கிளம்பினார். இவர் மாட்டி, எடுத்து, பறந்து கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பத்தைந்து. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அழுது ஓய்ந்த குழந்தை சிவந்த காதோடு தூங்கிக்கொண்டிருந்தது. காது குத்தும் ஆசாரி பெட்டியைக் கட்டிவிட்டார். அவர் எதிரே கிடந்த மணைப்பலகையைத் தங்கை காட்டினாள். மாமனுக்கென்று எடுத்த புதுத் துண்டை அதன்மேல் விரித்து வைத்திருந்தாளாம்.

"பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் யாரையும் உக்கார விடலண்ணே. நீ வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னியே" என்று அந்தத் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள். தேவைக்குமேல் நிரப்பிய குருபாதமா, துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன லாரன்ஸா, துண்டுக்கு மரியாதை கொடுத்துக் காத்துநின்ற இசக்கிராஜா? அந்த மடி தவறிப்போனது யாரால்?

விடை: இசக்கிராஜால். குருபாதம் பேராசை பிடித்தவர்தான், லாரன்ஸ் பொறுப்பில்லாதவர்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கெடு அந்த இடத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கே போகிறீர்கள் என்று வாய்விட்டே கேட்ட மனிதரிடம், மருமகள் காதுகுத்து என்று சொல்லியிருந்தால் அவர் அப்போதே வயரைக் கழற்றியிருப்பார். பத்துமணிக்கு மாட்டியிருந்தால் பன்னிரண்டுக்கு முன்பே மடியில் குழந்தை இருந்திருக்கும். முன்பு தன்னை முறைப்படி அழைக்கவில்லை என்று இருந்துவிட்டார், இப்போது தான் கேட்கக் கூசி நின்றுவிட்டார். இரண்டும் ஒரே வீம்புதான். போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் தங்கையாவது அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்க மாட்டாள். திரும்பி வரும் வழியில் அதே மெஷினில் வண்டியை மாட்டியபோது, பின்னால் வந்து நின்றவரிடம் இசக்கிராஜ் தானாகவே போய், "அவசரமா போறீங்களா?" என்று கேட்டார். கேட்கக் கற்றுக்கொண்டார், சரி. ஆனால் முத்துச்செல்விக்கு அதுதான் கடைசிப் பிள்ளை.