கூழைக்கடா புருஷனும் ஓராள் ஓடமும்

முன்னொரு காலத்திலே, ஆறுகளுக்குக் காது இருந்த காலத்திலே, ஓடங்களுக்கு ரோஷம் இருந்த காலத்திலே, மணிநீர் ஆறு பிறக்கும் மலையடியில் சுனைப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் உலகநாதன் என்று ஒருவன். நல்லவன்தான், யார் வம்புக்கும் போகாதவன். ஒரே ஒரு குறை. வெளியே கிளம்பிய யாரைப் பார்த்தாலும் "எங்கே போறீங்க?" என்று கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

உங்களுக்குத் தெரியாததா? கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். கேட்கப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். உலகநாதன் புண்ணியத்தில் சுனைப்பட்டியில் பாதிப்பேர் எந்நேரமும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மலை உச்சியில் சண்டகேது என்ற மந்திரவாதி இருந்தார். புலியைப் பூனையாக்குவார், பூனையைப் பூசணியாக்குவார், ஆனால் தனக்கு ஒரு கல்யாணத்தை மட்டும் அமைத்துக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஜரிகை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பெண் பார்க்க இறங்கி வந்தார். எதிரே உலகநாதன். தாம்பாளத்தைப் பார்த்தான், ஜரிகையைப் பார்த்தான், முறுக்கிய மீசையைப் பார்த்தான். கேட்டேவிட்டான்.

நான் போடாத மந்திரமா, எனக்கென்ன சகுனம் என்று சண்டகேது திரும்பாமல் நடந்தார். பெண் வீட்டில் சொஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள். பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை அரைமணி நேரம் தன் பெருமையையே பேசினார், என் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். சண்டகேது அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே உலகநாதன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"கேட்ட வாய் பையாகத் தொங்கட்டும்!"

அவ்வளவுதான். உலகநாதன் நின்ற இடத்தில் ஒரு கூழைக்கடா நின்றது. நீளமான அலகு, அதன் கீழே பைபோலத் தொங்கும் தொண்டை. பேச்சு மட்டும் மனிதப் பேச்சாகவே இருந்தது. இறக்கையை அடித்து, "ஐயோ, எங்கே போறேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு கடற்பக்கம் பறந்துபோனது.

அவன் மனைவி பூங்காவனம் மலை ஏறினாள். மந்திரவாதி வாசலில் உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை, அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவர் வெளியே வந்தாலும் பார்த்தாள், உள்ளே போனாலும் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் சண்டகேது கொல்லையிலிருந்து ஓர் ஓடத்தை இழுத்து வந்தார். முருங்கைக்காய்போல ஒல்லி, இரண்டு முனையும் கூர். ஓர் ஆள் கால் நீட்டி உட்கார மட்டும் ஒரு குழி. இரண்டு நுனியும் தட்டையான ஒற்றைத் துடுப்பு.

"இதில் நீ ஒருத்தியே ஆற்றோடு போ. கழிமுகத்தில் இருக்கிறான். உன் கை பட்டால் மனுஷனாவான். அதற்குள் ஒரு மீனை விழுங்கிவிட்டானோ, ஆயுசுக்கும் பறவைதான். வழியில் யாராவது எங்கே போறே என்று கேட்டால் ஓடம் திரும்பிவிடும்." சொல்லிவிட்டு மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். இந்த நாட்டில் அதைக் கேட்காத வாய் எங்கே இருக்கிறது?

பூங்காவனம் கிளம்பினாள். போகிற காரியத்தை வாய்விட்டுச் சொல்லாதே, சொன்னால் பலிக்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. முதல் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, தன்னந்தனியா எங்க போறே?"

ஓடம் நின்றது. பெருமூச்சு விட்டது. திரும்பியது. வெள்ளத்தை எதிர்த்து ஒரே ஓட்டமாகச் சுனைப்பட்டிக்கு வந்து கரையில் முட்டி நின்றது. பூங்காவனம் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மூங்கில் கிளையில் இருந்த மீன்கொத்தி, உன் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றது. இன்னும் மீனைத் தொடவில்லையாம். மனிதனாக இருந்தபோதே ரசத்தில் ஒரு கறிவேப்பிலை கிடந்தால் ஒதுக்கி வைக்கிறவன். பச்சை மீனா தின்பான்? ஆனால் மீன்களைப் பார்க்கிறாராம்.

இரண்டாம் முறை அவள் பாயைப் போர்த்திக்கொண்டு குழிக்குள் சுருண்டு படுத்தாள். ஆள் இல்லாத ஓடம் என்று துவைக்கிறவர்கள் விட்டுவிட்டார்கள். அடுத்த துறையும் தாண்டியது. அதற்கடுத்த துறையில் ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பேச்சுத் துணைக்கு எருமையைத் தவிர யாருமில்லாத மனிதர்.

"அட ஓடமே, ஆளில்லாம எங்க போறே நீ?"

ஓடம் நின்றது. பெருமூச்சு விட்டது. திரும்பியது.

மீன்கொத்தி காத்திருந்தது. கெண்டை வறுத்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று உன் புருஷன் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றது. ஒன்றை வாயில் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பினாராம்.

பூங்காவனம் கரையேறினாள். உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், யோசித்தாள். ஊர் வாயை மூட முடியாது. ஆனால் அந்த வாய் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் செய்யலாமே.

மூன்றாம் முறை துறை கண்ணில் பட்டதுமே எட்டுக்கட்டைக் குரலில் கத்தினாள். "கழிமுகத்துக்குப் போறேன்! எம்புருஷன் கூழைக்கடா ஆயிட்டாரு, தொட்டு மனுஷனாக்கப் போறேன்!" சொல்லும்போது வெட்கத்தில் காது சிவந்தது. பலிக்காமல் போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடமோ நிற்கவில்லை.

துவைக்கிறவர்கள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். பிறகு மற்றதையெல்லாம் கேட்டார்கள். எப்போது ஆனார், ஆண் கூழைக்கடாதானா, வீட்டைப் பூட்டினாயா, உன் மாமியார் என்ன சொன்னாள்? பூங்காவனம் துடுப்பை வலித்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஓடம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவளைவிட வேகமாகச் செய்தி ஓடியது. துறையிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து அடுத்த துறைக்கு. போன இடமெல்லாம் ஜனங்கள் கரையில் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. இடப்பக்கம் சுழல் இருக்கு, வலது கரையை ஒட்டிப் போ என்றார் எருமைக்காரர். துடுப்பு வலித்து அவள் கையில் எழும்பிய கொப்புளத்துக்கு ஒருத்தி மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஓடத்துக்குள் குறி பார்த்து எறிந்தாள். பாறைகளுக்கு நடுவே ஓடம் நெளிந்தது, மணல்திட்டில் தட்டியது, அருவிச் சரிவில் மூக்கு முங்கி எழுந்தது. தோள் வலித்தது, முதுகு வலித்தது, வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது. அவள் துடுப்பை வலித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு சோம்பேறித்தனமாக வளையும் இடத்தில் ஒரு கிழட்டு முதலை தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி அதற்குத் தெரியாது. ஒரு கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்தது. "எங்க..." என்று ஆரம்பித்தது.

"பெரியப்பா, வீட்டுல மருமக நல்லா இருக்காளா?" என்றாள் பூங்காவனம்.

முதலை கேட்க வந்ததையே மறந்துவிட்டது. இத்தனை காலத்தில் அதை யாரும் அப்படி விசாரித்ததில்லை. மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. முட்டையைச் சரியாகப் புதைக்கத் தெரியாதாம், இரையில் மாமனாருக்கு வால் பக்கத்தைத்தான் போடுவாளாம். ஓடம் வளைவு தாண்டி மறைந்த பிறகும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு அகன்றது. உதட்டில் உப்புக் கரித்தது. கழிமுகத்தில் நட்டிருந்த கம்பத்தின்மேல், எலும்பும் இறகுமாக உலகநாதன் உட்கார்ந்திருந்தான். பசி தாங்கமாட்டாமல் அப்போதுதான் ஒரு மீனை அள்ளியிருந்தான். தொண்டைப்பைக்குள் அது துள்ளிக்கொண்டிருந்தது. விழுங்க அலகைத் தூக்கினான். தூக்கிய பார்வையில் ஓடம் தெரிந்தது, அதில் தன் மனைவி தெரிந்தாள்.

மீன் வெளியே போக வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி வந்துவிடும். கூப்பிடு தூரத்தில் இருந்த பூங்காவனத்துக்கும் அது தெரிந்தது. துடுப்பை மடியில் போட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

அலகு திறந்தது. மீன் குதித்துத் தண்ணீரில் விழுந்தது. கேள்வி நுனிநாக்குவரை வந்துவிட்டது. உலகநாதன் அவள் கையைப் பார்த்தான், மஞ்சள் பூசிய கொப்புளங்களைப் பார்த்தான். உரிந்த மூக்கைப் பார்த்தான். ஒட்டிப்போன வயிற்றைப் பார்த்தான். ஊரில் ஒவ்வொருவரையும் ஆயிரம் கேள்வி கேட்டவன், கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"சாப்பிட்டியா?"

ஓடம் திரும்பவில்லை. நேரே போய்க் கம்பத்தில் இடித்தது. பூங்காவனம் எழுந்து அவன் இறகைத் தொட்டாள். கூழைக்கடா மனிதனாகி, கம்பம் கனம் தாங்காமல் சாய்ந்து, இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தார்கள். மிச்சமிருந்த புளிச்சோற்றைக் கரையில் உட்கார்ந்து பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். உலகநாதன் கறிவேப்பிலையையும் சேர்த்து மென்றான். அதே நேரத்தில் மலை உச்சியில் சண்டகேதுவின் மந்திரக்கோல் வாழைத்தண்டாகிப் போனது. அன்றைக்கு அவர் அதைப் பொரியல் செய்து சாப்பிட்டதாகக் கேள்வி.

ஓடம் அன்றிலிருந்து பூங்காவனத்துக்கே சொந்தம். ஆனால் அதில் ஓர் ஆளுக்குத்தான் இடம். அதனால் ஊர் திரும்பும்போது அவள் ஆற்றில் வந்தாள், உலகநாதன் கரையில் நடந்தான். ஒவ்வொரு துறையிலும் ஜனங்கள் அவனை நிறுத்தி, எங்கே போறீங்க என்று வாய் நிறையக் கேட்டார்கள். அவனும் கோபப்படாமல் வீட்டுக்கு என்று சொல்லி, வந்த வழியே கொஞ்சம் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நடந்தான். பூங்காவனம் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, நடு ஆற்றில் அவனுக்காகக் காத்திருந்தாள். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

கதை கரையேறியாச்சு. இனி நீங்கள் கிளம்பலாம். எங்கே என்று நான் கேட்கப் போவதில்லை.