பூமிநாதனின் ஏழு கிலோ

சிங்கப்பூர் விமான நிலையத்தில் கட்டடத் தொழிலாளி சந்தனம் கையோடு கொண்டுபோக இருந்தவை இரண்டே. ஒன்று பை. மற்றது, சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போன அறைத்தோழன் பூமிநாதனின் அஸ்தி இருந்த செம்பு. எடை மெஷின் ஒன்பதரை கிலோ காட்டியது.

"ஆளுக்கு ஏழு கிலோதான். ஒண்ணை இங்கயே விட்டுட்டுப் போ," என்றார் மேலாளர் தனராஜ். அந்த செக்-இன் கவுண்டருக்கு அவர்தான் ராஜா.

பை நிறைய, பூமிநாதன் மகளுக்கு வாங்கி வைத்திருந்த பாவாடைகளும் பொம்மைகளும்.

"ஆளுக்குத்தானே சார் ஏழு கிலோ?"

"ஆமா. பேர்ல டிக்கெட் இருக்கணும், ஆள் நேர்ல வரணும். யாருக்காகவும் விதி மாறாது."

சந்தனம் இன்னொரு டிக்கெட்டை எடுத்து நீட்டினான். பொங்கலுக்கு ஊர் போக இதே விமானத்தில் பூமிநாதன் போட்டு வைத்தது. "ரத்து பண்ண முடியாது, அந்த ஆளேதான் வரணும்" என்று போன வாரம் கையை விரித்தவர் இதே தனராஜ்தான்.

சந்தனம் செம்பை இரண்டு கையாலும் ஏந்தி மெஷினில் தனியாக வைத்தான்.

"வந்துட்டான் சார். மூணு கிலோதான் இருக்கான். அவன் கணக்குல இன்னும் நாலு கிலோ கொண்டுபோகலாம்."

தனராஜ் எழுந்து நின்றார். பூமிநாதன் பெயருக்கு ஜன்னலோர இருக்கைக்கான போர்டிங் பாஸ் அச்சாகி வந்தது.