செம்போத்தின் பிறந்தநாள் வெளிச்சம்

பறவைகளுக்கும் அணில்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வருஷம் பூராவும் பகல் ஒரே நீளம்தான். சித்திரைப் பகலும் மார்கழிப் பகலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். காலையில் சேவல் கூவினால் சூரியன் எழுந்து வருவார். சாயங்காலம் செம்போத்து கூப்பிட்டால் இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்வார். நேரம் பார்க்கிற வேலையெல்லாம் அவருக்குக் கிடையாது.

சாயங்காலம் கூப்பிடுகிற அந்த வேலை, ஏரிக்கரைத் தோப்பில் இருந்த செம்பாயி என்ற செம்போத்துக்கு. அவள் அம்மா செய்தது, அதற்கு முன்னால் அம்மாவின் அம்மா செய்தது. ஏரியின் மேல்கரையில் ஒரு பனைமரம் நிற்கும். அதன் நிழல் தண்ணீரைத் தாண்டி நீண்டு வந்து கீழ்க்கரையைத் தொட்டதும், செம்பாயி தாழம்புதருக்குள் உட்கார்ந்து, "ஊப்... ஊப்... ஊப்..." என்று குரல் கொடுப்பாள். காலிக் குடத்துக்குள் வாயை வைத்து ஊதினால் எப்படி இருக்கும், அப்படிக் கனத்த குரல். கேட்ட மாத்திரத்தில் சூரியன் கண்ணை மூடிக்கொண்டு மேற்கே இறங்கிவிடுவார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டது இல்லை. அந்தக் குடும்பத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

தோப்பில் ஒரு வழக்கம் இருந்தது. முட்டையை உடைத்து வெளியே வந்த நாள் திரும்பி வந்தால், அந்தப் பறவைக்கு அன்று பகல் முழுக்க ராஜ மரியாதை. பெரிய மாமரத்தின் உச்சிக் கிளையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வாய் கொண்டுவந்து ஊட்டுவார்கள். ஆட்டமும் பாட்டும் அமர்க்களப்படும். ஆனால் எல்லாம் செம்பாயி குரல் கொடுக்கும் வரைக்கும்தான். "அக்கா, இன்னைக்கு ஒருநாள் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்களேன்" என்று கெஞ்சாத பறவை கிடையாது. "நிழல் வந்தா நான் கூப்பிடத்தான் செய்வேன். என்கிட்ட இந்தக் கொஞ்சல் எல்லாம் வேண்டாம்" என்பாள் செம்பாயி. கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

இப்படி ஊரார் பிறந்தநாளையெல்லாம் முடித்து வைத்தவளுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டே! அது வந்து விழுந்தது மார்கழியில். பனி மூட்டம், ஏரிக்காற்று, மரத்துக்கு மரம் சொட்டுகிற ஈரம். எந்தப் பறவை இறகைப் பிரித்து வெளியே வரும்? அந்த வருஷமும் செம்பாயி விடியும் முன்பே ஏரியில் முங்கி எழுந்து, இறகைக் கோதி, உச்சிக் கிளையில் தானே ஏறி உட்கார்ந்தாள். வெயில் ஏறவில்லை. ஆளும் வரவில்லை. உச்சிப்பொழுது தாண்டி மைனா மட்டும் பக்கத்து மரப் பொந்திலிருந்து மூக்கை நீட்டிற்று.

"செம்பாயி அக்கா, இன்னைக்கா உங்க பிறந்தநாள்? அடடா, மறந்தே போச்சு. குளிரு பாருங்க, றெக்கையே விரிக்க முடியலை. அடுத்த வருஷம் ஜமாய்ச்சிடலாம்."

"சரி சரி, நீ உள்ள போ. சளி பிடிக்கப் போகுது" என்றாள் செம்பாயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே என்ன பாடு பட்டாளோ. தானே தேடிப் பிடித்த ஒரு நத்தையைத் தானே தின்றாள். பனையின் நிழல் மங்கலாகக் கரையைத் தொட்டபோது, தன் பிறந்தநாளைத் தானே "ஊப்" போட்டு முடித்தும் வைத்தாள். இந்தக் கொடுமை யாருக்கு வரும், சொல்லுங்கள்!

மார்கழி போய், தை மாசி போய், பங்குனியும் போய்ச் சித்திரை வந்தது. வேம்பு பூத்துக் கொட்டியது. மாம்பழம் கிளைக்குக் கிளை மஞ்சள் பூசிக்கொண்டு தொங்கியது. அந்த மாம்பழத்தோடு போட்டி போடுகிற மஞ்சளில் ஒருத்தி தோப்பில் இருந்தாள். பொற்கொடி என்ற மாங்குயில். நிறமும் அழகு, குரலும் தேன். அவளுக்குப் பிறந்தநாள் சித்திரையில்.

முதல் நாள் சாயங்காலம் பொற்கொடி தாழம்புதருக்கே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு என் பிறந்தநாள். நீங்க கண்டிப்பா வரணும். புதருக்குள்ளேயே இருந்துடாதீங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"உங்க வேலை சாயங்காலம்தானே? காலையில வாங்க. வராட்டி நான் கோவிச்சுக்குவேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்." செம்பாயியின் முகத்தில் கடுகைப் போட்டிருந்தால் பொரிந்திருக்கும்.

மறுநாள் அவள் போகவில்லை. போகாதவள் வேறு பக்கம் திரும்பியாவது உட்காரக்கூடாதா? அதுவும் செய்யவில்லை. புதருக்குள்ளிருந்து இலையை விலக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் மாமரத்தையே பார்த்தாள். கிளிக்கூட்டம் வந்தது. கொக்கு குடும்பத்தோடு வந்தது. மார்கழியில் றெக்கை விரிக்க முடியாத மைனா, அன்று விடியும் முன்பே வந்து கிளையெல்லாம் பெருக்கிக்கொண்டிருந்தது! அணில்கள் மாம்பழத்தை உருட்டி உருட்டிக் குவித்தன. கூட்டைவிட்டு அன்றுதான் முதல்முதலாக வெளியே வந்த குஞ்சுகள் வெயிலில் தத்தித் தத்தி விழுந்து எழுந்தன. தோப்பே சிரித்தது.

செம்பாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. 'அவ என்ன சாமர்த்தியம் பண்ணிட்டா? அவ ஆத்தா சித்திரையில அடைகாத்தா, என் ஆத்தா மார்கழியில அடைகாத்தா. அவ்வளவுதானே? எனக்கு ஒரு நத்தை, அவளுக்கு ஊரு முழுக்க மாம்பழமா? இந்த மைனாச் சிறுக்கியைப் பாரு, எப்படி இளிக்கிறா!' என்று பொருமினாள். பனையின் நிழல் அடிமரத்தைவிட்டு அப்போதுதான் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் ஆக இன்னும் எவ்வளவோ இருந்தது. 'அவ்வளவு நேரமும் இந்தக் கூத்தை நான் பார்க்கணுமா?' என்று நினைத்ததுதான் தெரியும்.

"ஊப்... ஊப்... ஊப்..."

பாவி, கூப்பிட்டே விட்டாள்!

நடுவானத்தில் ஜம்மென்று நின்ற சூரியன், வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று மேற்கே இறங்கினார். தோப்பு இருண்டு போயிற்று. ஏரித் தாமரை மூடிக்கொண்டது. ஆந்தை ஒன்று கொட்டாவி விட்டபடி வெளியே வந்து, "என்னடா இது, இப்பத்தானே படுத்தேன்" என்றது. குஞ்சுகள் இருட்டில் தாயைத் தேடிக் கதறின. தாய்கள் குஞ்சுகளைத் தேடி மரத்தில் முட்டிக்கொண்டன.

அந்த அமளியில், மாமரத்தின் மேலிருந்து மைனாவின் அழுகைக் குரல் கேட்டது.

"அய்யோ பொற்கொடி, ஒரு பழம்கூட யாரும் தொடலையே! செம்பாயி அக்கா வந்துதான் முதல் வாய் வைக்கணும்னு சொல்லி எல்லாரையும் பட்டினி போட்டியே! உன் பிறந்தநாளே போச்சேடி!"

"அழாதே மைனா" என்றது பொற்கொடியின் குரல். "அக்காவுக்கு உடம்புக்கு ஏதும் ஆகிப்போச்சோ என்னமோ. இல்லாட்டி இப்படிக் கூப்பிடுமா? யாராச்சும் போய்ப் பாருங்க."

செம்பாயி அதைக் கேட்டாள். வெட்கப்பட்டாளா, உருகினாளா? பொறாமை பிடித்தவர்களைப் பற்றித் தெரியாதா உங்களுக்கு! 'நல்லவள்ங்கிற பேரும் இவளுக்கே போகணுமா' என்று அதற்கும் சேர்த்து எரிந்தாள்.

மேற்கே போய்ப் படுத்த சூரியனுக்குத் தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? பாதி வழி மட்டுமே நடந்த மனுஷனுக்குக் கால் வலிக்குமா, கண் சொக்குமா? புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, மேற்கு விளிம்பில் மறுபடி தலையை நீட்டினார். தோப்பு முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. பனையின் நிழல் எங்கே கிடக்க வேண்டியது, எங்கே கிடந்தது என்று கணக்குப் போட்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

"செம்பாயி, வெளியே வாம்மா."

செம்பாயி புதரிலிருந்து நடந்தே வந்தாள்.

"நிழல் கரைக்கு வந்துச்சா?"

"வரலை."

"பின்னே ஏன் கூப்பிட்டே?"

"பார்க்கப் பிடிக்கலை" என்றாள் செம்பாயி. மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. "எனக்குப் பிறந்தநாள்னா ஒரு ஈ காக்கை வராது. இவளுக்குன்னா ஊரே வரும். எனக்கு ஒரே ஒருநாள், ஒரே ஒரு தடவை இவங்க எல்லாரும் என்னைச் சுத்தி உட்கார்ந்திருக்கணும். அது நடக்காதுன்னா, இவளுக்கு மட்டும் ஏன் நடக்கணும்?"

மைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

பொற்கொடி உச்சிக் கிளையிலிருந்து இறங்கி, செம்பாயிக்கு எதிரே வந்து நின்றாள். "அக்கா, மார்கழியில உங்களைத் தனியா விட்டது எங்க தப்புதான். அதுக்குத்தான் இன்னைக்குப் பழத்தைத் தொடாம காத்திருந்தோம். இனிமே என் நாளையே நீங்களும் வச்சுக்குங்க. சித்திரையில உங்களுக்கும் எனக்கும் ஒண்ணாப் பிறந்தநாள். உச்சிக் கிளையில நீங்க உட்காருங்க, நான் கீழ்க்கிளையில உட்கார்ந்துக்கறேன். முதல் வாய் உங்களுக்குத்தான்."

சூரியனுக்கே மனசு இளகிற்று. "கேட்டியா செம்பாயி? போய் உட்கார். 'நல்லா இரு'ன்னு அவளை ஒரு வார்த்தை வாழ்த்து. நடந்ததை நான் மறந்துடறேன். இன்னைக்கு நீ சொல்ற வரைக்கும் நான் இறங்கமாட்டேன்."

செம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். உச்சிக் கிளை காலியாக இருந்தது. கிளியும் கொக்கும் அணிலும் மைனாவும் அவள் முகத்தையே பார்த்தபடி சுற்றி நின்றன. வருஷா வருஷம் அவள் ஏங்கினது இதற்குத்தான். ஒரு தாவு தாவினால் போதும். கால் எழும்பக்கூடச் செய்தது.

அந்த நேரம் பார்த்துப் பொற்கொடியின் மஞ்சள் இறகில் வெயில் பட்டுப் பளபளத்தது.

"வேண்டாம்" என்றாள் செம்பாயி. "அவ கொடுத்து நான் வாங்கறதா? அவ எச்சில் பிறந்தநாள் எனக்கு எதுக்கு? என் மார்கழி எனக்குப் போதும்."

தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழை ஆகவேண்டும் என்பார்களே, அந்த ரகம்.

சூரியன் சொன்னார்: "நீ இவளிடமிருந்து பிடுங்கின வெளிச்சத்தை யாராவது ஈடு செய்யணும். மத்தவங்க நாளில் நான் கை வைக்கமாட்டேன். மார்கழி போதும்னு சொன்னது நீ. அந்த மார்கழிப் பகலிலிருந்தே எடுக்கிறேன். இனி உன் பிறந்தநாள் வருஷா வருஷம் சுருங்கித்தான் வரும். எடுத்ததை மொத்தமாய்ச் சித்திரையில் கொட்டினால் பயிர் பச்சை கருகிடும். பங்குனியில் ஆரம்பிச்சு ஆனி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பகிர்ந்து கொடுக்கிறேன். வெயில் காலத்தில் பிறந்த எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கும் இனிமே வழி தெரியும். நானே பார்த்து இறங்கிக்கறேன்."

சொன்னபடியே செய்தார். அன்று சூரியன் மறுபடி நடுவானத்துக்கே ஏறி வந்தார்; பனை நிழல் கீழ்க்கரையைத் தொட்ட பிறகும் இறங்கவில்லை. நிழல் கரை ஏறி, வரப்பைத் தாண்டி, மாமரத்தின் மேலேயே ஏறியது. குஞ்சுகளுக்குக் கொண்டாட்டம். அதுவரை யாரும் கண்டிராத ஒரு நீளச் சாயங்காலத்தில் எல்லாரும் மாம்பழம் தின்றார்கள். பொற்கொடியை நடுவில் வைத்துப் பாடினார்கள். புதருக்குள் செம்பாயி, "ஊப்... ஊப்... ஊப்..." என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். சூரியன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனாலும் கண்ணை மட்டும் அந்த மரத்தைவிட்டு எடுக்கவில்லை. அதுவரை கறுப்பாக இருந்த கண், அந்த ஒரே சாயங்காலத்தில் கொவ்வைப்பழமாகச் சிவந்து போயிற்று.

அதற்கப்புறம் எந்த வருஷமும் பொற்கொடி அவளைக் கூப்பிடாமல் இருந்தது இல்லை. எந்த வருஷமும் செம்பாயி போனதும் இல்லை.

அன்று முதல்தான் செம்போத்தின் கண் சிவப்பு. அன்று முதல்தான் அது வேலியிலும் புதரிலும் ஒளிந்து நடந்து, நேரங்கெட்ட நேரத்தில் எல்லாம் "ஊப் ஊப்" என்கிறது. மார்கழிப் பகல் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்துபோக, சித்திரையில் பிறந்தவர்களுக்கு மட்டும் பாயசம் குடித்த பிறகும் வாசலில் வெயில் மிச்சம் இருக்கிறது. "அம்மா, இன்னும் இருட்டலை, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று பிள்ளைகள் தெருவில் ஓடுகிறார்களே, அந்த ஒரு ஆட்டத்துக்கான வெளிச்சம் செம்பாயியின் பிறந்தநாளிலிருந்து வந்தது.