பின்சீட் இல்லாத வண்டி

மாசிலாமணி கோவையில் இருபது வருடமாகக் கால் டிரைவர். யார் கூப்பிட்டாலும் போய் அவர்களுடைய காரை ஓட்டிக் கொடுப்பார். யாரும் கூப்பிடாத நாட்களில் ரெஜினாவின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மெக்கானிக் வேலை கற்றுக்கொள்வார்.

ரெஜினா பந்தயக் கார்களுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவள். சீடரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அன்று காலை மாசிலாமணி ஓடி வந்தார். புதுச் சட்டை. சட்டைப் பை ஒரு பக்கம் புடைத்துத் தொங்கியது.

“வாத்தியாரம்மா, கெடச்சிருச்சுங்க!”

“என்னதுங்ண்ணா?”

“ஸ்போர்ட்ஸ் காரு! செகண்ட் ஹேண்ட்தான். செவப்பு. ரெண்டே சீட்டு. பின்சீட்டே கெடையாதுங்க!”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இருபது வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

“பணம்?”

“ஊர்ல எம் பங்கு பூமி வித்தது இருக்குதில்லீங்க. அத்தனையும் இதுக்குத்தான். ஊட்டுக்காரி சொர்ணம் எம் பக்கத்துல உக்காந்து வரோணும். நேத்துப் பூராத் தூங்கலீங்க அவ.”

“நீங்க?”

“நான் படுக்கவே இல்லீங்க!”

ரெஜினா சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க வாத்தியாரம்மா. பழைய வண்டிய நம்பலாமா வேண்டாமான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?”

“வாங்க. ஓட்டிப் பாக்கலாம்.”

பழைய கார் விற்கும் சம்பத், வண்டியைத் துடைத்து வெயிலில் நிறுத்தியிருந்தான். அது கண்ணைப் பறித்தது.

“டாக்டர் ஒருத்தர் வெச்சிருந்ததுங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வெளிய எடுப்பாரு” என்றான் சம்பத்.

“நீங்க விக்கற எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதானுங்களா?” என்றாள் ரெஜினா.

“இல்லீங்க, போன வாரம் ஒரு வக்கீலு.”

அவள் பேனட்டைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். மூடினாள்.

மாசிலாமணி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து, முன்கண்ணாடிக்கு அடியில் நடுவில் வரிசையாக வைத்தார். வண்டி கைக்கு வந்ததும் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டிய பழங்கள்.

“இன்னும் வாங்கவே இல்லீங்களேண்ணா?”

“பழக்கடைக்காரன் நல்லாப் பொறுக்கிக் குடுத்தானுங்க. விட மனசில்ல.”

ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி உறுமிக்கொண்டு பைபாஸில் ஏறியது. மாசிலாமணி சின்னப் பையனைப் போல் கத்தினார்.

“கேட்டீங்களா அந்தச் சத்தத்த! எத்தன வண்டி ஓட்டியிருப்பேன் வாத்தியாரம்மா. ‘பிரேக்கு சரியில்லீங்க சார்’ம்பேன். ‘நீ ரோட்டப் பாத்து ஓட்டு’ம்பாங்க. ஒரு ஓனராவது எம் பேச்சக் கேட்டிருக்கானுங்களா? இனி நானே ஓனரு!”

முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். நான்கு பழங்களும் வலது ஓரமாக உருண்டு அவர் பக்கமே வந்து சேர்ந்தன.

“பாருங்க, பாருங்க! பழங்கூட எங்கிட்டயே ஓடி வருது. இது எம் வண்டிதானுங்க!”

ரெஜினா பழங்களை எடுத்து மறுபடி வரிசையாக வைத்தாள்.

“திருப்புங்கண்ணா. வர்றப்ப பின்னால ஓனர் உக்காந்திருக்காருன்னு நெனச்சுட்டு ஓட்டுங்க.”

“பின்சீட்டே இல்லீங்களே!”

“தெரியுமுங்க. நெனச்சுக்கங்க.”

மாசிலாமணி சிரித்தார். பிறகு பழக்கத்தில் கண்ணாடியைச் சரிசெய்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. வண்டியை மெல்ல எடுத்தார். கியர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

“சார்” என்றார்.

அது வேறு குரல். தாழ்ந்த, மரியாதையான குரல்.

“சொல்லுப்பா” என்றாள் ரெஜினா.

“ரெண்டாவது கியரு நறநறங்குதுங்க சார். கிளட்ச் தேஞ்சிருச்சு, ரொம்ப மேல வந்துதான் புடிக்குது. எஞ்சின் சூடு காட்டற முள்ளு ஏறிட்டே இருக்குது, ரேடியேட்டர் பேன் ஓடற சத்தம் வரலீங்க.”

“ம்.”

சிக்னல் வந்தது. பிரேக்கை மிதித்தார். பழங்கள் உருண்டு அவர் பக்கம் வந்தன. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“பிரேக் அடிச்சா வண்டி இடப் பக்கம் இழுக்குதுங்க சார். ஸ்டியரிங்க நேராப் புடிச்சாலும் கோணலாத்தான் போகுது. முன்னால பலமா இடிச்சு, நிமித்திப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மழையில அம்மாவ உக்கார வெச்சுட்டு இதுல போகாதீங்க சார்.”

சொல்லிவிட்டு அவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். சொர்ணம் உட்கார வேண்டிய சீட்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் சம்பத் ஓடி வந்தான்.

“எப்படிங்ண்ணா? பறக்குதில்ல? பேப்பர எடுக்கட்டுங்களா?”

மாசிலாமணி இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“வாத்தியாரம்மா, நீங்க கை வெச்சா எல்லாஞ் சரியாயிருமில்லீங்க?”

“கியரு, கிளட்ச்சு, பேனு மூணையும் பண்ணிரலாங்ண்ணா.”

“முன்பக்கம்?”

அவள் அவர் பக்கம் உருண்டு கிடந்த பழங்களைக் கண்ணால் காட்டினாள்.

“நல்லாத்தான் உறுமுதுங்க” என்றார் மாசிலாமணி.

“ரொம்ப நல்லா உறுமுது.”

“செவப்பும் நல்ல செவப்பு.”

“ஆமாங்க.”

“அப்ப நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நம்பலாமா, வேண்டாமா?”

ரெஜினா தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். பிறகு குனிந்து ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள்.

“டிரைவர் சொல்லிட்டாருங்ண்ணா. இந்த ஓனராவது கேக்கறாரான்னு பாக்கலாம்.”

மாசிலாமணி ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.