நிம்புஸ்

ஞானாதிக்கம் சாமியின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டவன் ஃபிளெக்ஸ் கடைக்காரன். திருவிழாப் பேனருக்குப் போட்டோ கேட்டார்கள், பங்குச் சாமியாராயிற்றே, கொடுத்தார். பேனர் வந்ததும் பார்த்தால் புனிதராகவே நின்றுகொண்டிருந்தார். அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகிற வழியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். உள்ளுக்குள் இனித்தது.

அவர் செபித்ததில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருத்தி எழுந்து நடந்தாள் என்று ஏற்கெனவே ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பேனர் கட்டியதும் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் பிலோமினாள். அவள் புருஷன் சந்தியாகுவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. வாரம் தவறாமல் டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பேனரைப் பார்த்தவள் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு, அவனைக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்று ஞானாதிக்கம் சொல்லத்தான் செய்தார். சாமி நம்ம விசுவாசத்தைச் சோதிக்கிறார் என்று அவள் இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொண்டாள். காலையில் சந்தியாகுவின் முகம் வீங்கியிருந்தது.

பயந்துபோன ஞானாதிக்கம் பங்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஒருகாலத்தில் குருமடத்தில் தனக்கு லத்தீன் நடத்திய சூசைமாணிக்கம் சாமியிடம் ஓடினார்.

கிழவர் ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்து வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஞானாதிக்கம் இனித்ததையும் சேர்த்து ஒன்றுவிடாமல் சொன்னார். ஆயரிடம் பேசி என்னைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிடுங்கள், நான் இல்லாவிட்டால் அந்த அம்மா தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்றார்.

கிழவர் கடலையைக் கீழே வைத்தார்.

“தலையைச் சுத்திப் போடுற வட்டத்துக்கு லத்தீன்ல என்ன பேரு?”

“நிம்புஸ்.”

“நிம்புஸ்னா வட்டமா?”

“இல்ல சாமி. மழை மேகம். கறுத்து இறங்குற மேகம்.”

“அது எப்படித் தலைக்கு வந்துச்சு?”

ஞானாதிக்கம் படித்ததைச் சொன்னார். தங்கள் தெய்வங்கள் பூமிக்கு இறங்கினால் ஒளிவீசும் மேகம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு வரும் என்று ரோமர்கள் நம்பினார்கள். அந்த மேகத்துக்கும் நிம்புஸ் என்றுதான் பெயர். பிற்பாடு படம் வரைந்தவர்கள் மேகத்தை விட்டுவிட்டு ஒளியை மட்டும் எடுத்துத் தலைக்குப் பின்னால் வட்டமாக வைத்தார்கள். பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது. சொல்லச் சொல்ல அவருக்கு உற்சாகமாகிவிட்டது. அந்த நேரத்துக்குச் சந்தியாகுவைக்கூட மறந்துபோனார்.

“நல்லாத்தான் படிச்சிருக்க. மேகத்தைக் கண்டா சனங்க எதுக்கு அண்ணாந்து பாக்குறாங்க?”

“பெய்யும்னு.”

“பெய்யாம, காத்து அதைத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சுன்னா?”

“அடுத்த ஊர்ல அண்ணாந்து பாப்பாங்க.”

சொன்ன பிறகுதான் தான் கேட்க வந்த மாற்றல் அவருக்கு உறைத்தது.

“பெய்யிறதுக்கு எங்கிட்ட என்ன சாமி இருக்கு? நான் கை வச்சா அவன் பிழைக்க மாட்டான்.”

“எதுல வந்த?”

“ஜீப்புல.”

“அதுல ஒரு ஆளைப் படுக்க வைக்கலாமா?”

ஞானாதிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுருங்கியது. இதுவரை சொல்லாத ஒன்று அப்போதுதான் வாயில் வந்தது.

“நானே அவனை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்தா, சாமியாராலயே ஒண்ணும் முடியலன்னு ஊரெல்லாம் பேசும். அப்புறம் ஒருத்தரும் என்னைத் தேடி வர மாட்டாங்க.”

கிழவர் எழுந்து போய் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“பேஞ்சு முடிச்ச மேகத்தை எவன் அண்ணாந்து பாக்குறான்? நேரமாச்சு சாமி. போய்ப் பெய்.”